சிவப்புப் பொத்தான்

விடியுமுன்பே கண்ணாடி உலையின் வெக்கை கொட்டகைக்குள் இறங்கிவிடும். வெள்ளை விளக்குத் திரைக்கு முன்னால் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெல்ட்டில் பாட்டில்கள் நிற்காமல் வரும். கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் குமிழி, வாயில் பிசிறு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெறுங்கையால் உருவித் தொட்டியில் எறிய வேண்டும். கை கிழிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

முதல் இருக்கை கழுகுக்கு. இருபது வருஷமாக ஒரு விரிசலையும் தப்பவிடாத கண்ணுக்கு மற்ற பெண்கள் கொடுத்த பட்டம் அது. முதலில் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். பிறகு குழல்விளக்கு, அதன் பிறகு இந்தத் திரை. ஒவ்வொன்று வந்தபோதும் பெல்ட்டின் வேகம் கூடியது, பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. பட்டும் அவளுக்குப் புத்தி வராததை என்னவென்று சொல்ல?

மூன்று மாதத்துக்கு முன் தலைக்கு மேலே கேமராவும், ஒவ்வொருத்தி கைக்கருகிலும் ஒரு சிவப்புப் பொத்தானும் வந்தன. கெட்ட பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் அதை அமுக்க வேண்டும். "உங்க கண்ணுக்கு ஒத்தாசை" என்றார் முதலாளி. கழுகு நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? அமுக்க மறந்தவர்களை அதட்டவும் செய்தாள்.

"அண்ணி, இது நமக்கு ஒத்தாசையா, இல்ல நாம அமுக்க அமுக்க நம்மகிட்டயே பாடம் படிக்குதா?" என்று பக்கத்து இருக்கை நாத்தனார் கேட்டாள்.

"கை ஓடாதவளுக்கு வாய் மட்டும் நல்லா ஓடும்" என்று அவள் வாயை அடைத்தாள் கழுகு. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இன்று காலை முதலாளி வந்து நின்றார்.

"கேமரா தேறிடுச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து பதினோரு பேர் வர வேணாம்."

"எங்கய்யா போவோம்?" என்றாள் நாத்தனார். "இந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, வெளிய போனா ஊசியில நூல்கூடக் கோக்க முடியல. எவன் வேலை தருவான்?"

"காலம் மாறுது, நான் என்ன பண்ண? கழுகு மட்டும் இருக்கட்டும். புதுசா மருந்து பாட்டில் வருது. அதையும் கேமராவுக்குக் கத்துக்கொடுக்கணும்."

கழுகின் புருஷன் இதே உலையில் வெந்து, நுரையீரல் கெட்டு, வீட்டில் படுத்திருக்கிறான். அவளும் நாத்தனாரும் கொண்டுபோகும் கூலியில்தான் அவனுக்கு மருந்து. ஒருத்தி வேலையாவது மிஞ்சட்டுமே என்று மனசு கெஞ்சியது. வெட்கமாகவும் இருந்தது.

"கத்துக்கொடுத்தப்புறம் என்னய்யா?"

முதலாளி கைப்பேசியைப் பார்த்தார்.

பெல்ட் ஓடத் தொடங்கியது. முதல் மருந்து பாட்டிலின் கழுத்திலேயே விரிசல். கழுகு உருவி எறிந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பட்டனை அமுக்கு!"

"மாட்டேன்யா. விரிசலை எடுக்கத்தான் எனக்குக் கூலி. எடுத்துட்டேன்."

"அப்ப நீயும் வெளியே போ!"

கழுகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னுதுதான்டி. உங்களை அமுக்கச் சொல்லி அதட்டினவ நான்தான்."

அடுத்த விரிசலை நாத்தனார் எடுத்தாள், பொத்தானைத் தொடவில்லை. அதற்கடுத்ததை மூன்றாம் இருக்கைக்காரி எடுத்தாள். கடைசி இருக்கை வரை பாட்டில்கள்தான் தொட்டியில் விழுந்தன, ஒரு பொத்தானும் அமுங்கவில்லை.

முதலாளி காவலாளிகளைக் கூப்பிட்டுக் கத்தினார். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நாத்தனார் தன் இருக்கையை இழுத்துக் கழுகோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"தூக்குறதுன்னா பன்னிரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கட்டும் அண்ணி. நீங்க பாட்டிலைப் பாருங்க."