தாமஸ் பென்ஃபோல்டின் மகன் தாமஸ்

நதியா போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஏய் தாரணி, உசுரோட இருக்கற மனுசனக் கொன்னு பொதைச்சுட்டியே, இது நாயமா?"

தாரணி குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிய கை அப்படியே நின்றது. "யாரச் சொல்றீங்க?"

"உன் தாமஸத்தான், வேற யாரு? அவன மே மாசமே பொதைச்சிருக்க. அவன் பாட்டுக்கு அதுக்கப்புறமும் மூணு புள்ளயப் பெத்து ஞானஸ்நானம் குடுத்துட்டு நிக்கறான்."

தாமஸ் என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. குழந்தை ஏப்பம் விட்டது. கொஞ்சம் பால் தோளில் வழிந்தது. துடைக்கத் தோன்றாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

நதியா இருப்பது கோயம்புத்தூரில். தாரணி அனுப்புகிற வேலையைச் சரிபார்த்து மேலே அனுப்புபவள். வேலை என்பது இதுதான்: இங்கிலாந்தில் யாராவது ஒருவருக்குத் தன் குடும்பப் பெயர் எங்கே கிளம்பி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வரும். அவர்கள் ஊர்ச் சர்ச்சுகளில் நானூறு ஐந்நூறு வருடத்துப் பதிவேடுகள் இருக்கின்றன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்றே சங்கதி. அவற்றின் படங்கள் கணினிக்கு வரும். மலைமேல் நாயுடுபுரத்தில், தகரக் கூரை போட்ட பின்னறையில் உட்கார்ந்து தாரணி அவற்றைப் படிப்பாள். மழைக்கு முன் சாரை சாரையாகப் போகும் எறும்பைப்போல எழுத்து. பழகப் பழக எறும்புகள் நின்று முகம் காட்டின. கான்வென்டில் படித்த இங்கிலீஷ் இப்படிப் பயன்படும் என்று அவளுக்கோ, கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கோ தெரிந்திருக்காது.

இந்த முறை கேட்டவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பெயர் பென்ஃபோல்ட். தாரணிக்கு ஆரம்பத்தில் இந்தக் குடும்பப் பெயர் என்கிற ஏற்பாடே புரியாமல் இருந்தது. தாத்தன், அப்பன், மகன் எல்லோரும் ஒரே வாலைப் பிடித்துக்கொண்டு நானூறு வருடம் நடந்து வருகிறார்கள். இந்த வீட்டில் அப்படி இல்லை. அப்பன் பெயர் மகனுக்கு ஓர் எழுத்தாகிறது, பேரன் காலத்தில் அந்த எழுத்தும் போய்விடுகிறது. மாமனார் பொன்னுவேலிடம் ஒரு தடவை, "உங்க தாத்தா பேரு என்ன மாமா?" என்று கேட்டாள். "தாத்தாதான்" என்றார்.

நதியா சொன்ன தப்பு எங்கே நடந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். மே மாதத்தில் ஒரு வரி: தாமஸ் பென்ஃபோல்ட் அடக்கம். வயது இல்லை, யார் மகன் என்று இல்லை. ஆகஸ்டில் ஒரு வரி: தாமஸ் பென்ஃபோல்டின் மகன் தாமஸ், ஞானஸ்நானம். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புருஷன் போய்விட்டான், வயிற்றில் இருந்தது பிறந்ததும் அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். பின்னே, உயிரோடு இருக்கிறவன் பெயரை எந்த வீட்டில் அவன் பிள்ளைக்கே வைப்பார்கள்? பெண்டாட்டி எப்படிக் கூப்பிடுவாள்? கோபம் வந்தால் எப்படித் திட்டுவாள்? அந்த வரிகளைப் படித்த அன்று, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் அழுதிருந்தாள்.

"அங்கெல்லாம் அப்பன் பேரையே பையனுக்கு வெப்பாங்க" என்றாள் நதியா. "அப்பன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்பவே."

"அப்ப மே மாசம் பொதைச்சது யார?"

"யாருக்குத் தெரியும்? முன்னால பொறந்து செத்த புள்ளயா இருக்கலாம். செத்த புள்ள பேர அடுத்ததுக்கு வெக்கறதும் உண்டு. தாத்தனா இருக்கலாம், சித்தப்பனா இருக்கலாம். அந்த ஊர்ல தடுக்கி விழுந்தா தாமஸ் மேலதான் விழணும். இறந்த தேதிய மட்டும் எடுத்துட்டு அனுப்பு. தெரியாதத காலியா விட்டா யாரும் அடிக்க வர மாட்டாங்க."

போனை வைத்த பிறகு குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். வம்ச வரைபடத்தில் தாமஸ் பென்ஃபோல்டின் கட்டத்தில் அவள் போட்ட இறந்த தேதி அழுத்தமாக இருந்தது. பட்டனை அழுத்தினாள். ஒவ்வொரு எண்ணாக மறைந்து, கட்டம் வெறுமையாக நின்றது. செத்தவன் பிழைத்தான் என்று ஒரு சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் ஆள் எங்கே என்றாவது தெரிந்திருந்தது.

தாரணியின் புருஷன் மனோஜ்குமார் கூக்காலிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு பழனி மலைப்பாதை வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன். போன வருடம் ஒரு நாள் வண்டி மார்க்கெட்டில் நின்றது. சரக்கு இறங்கியிருந்தது, சாவி வண்டியிலேயே இருந்தது. ஆள் இல்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, குடி இல்லை. போலீஸில் எழுதிக்கொடுத்தார்கள். திருப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கேரளத்துப் பக்கம் லாரி ஓட்டுகிறான் என்று இன்னொருவர். முந்தின நாள்தான் தாரணி, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் சிரித்தான். அவள் தலையைத் தடவினான். "சோலிய முடிச்சுட்டு வாறேன், பேசுவோம்" என்றான். அந்தச் சிரிப்பை அவள் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். அதில் எதையும் படிக்க முடியவில்லை.

மதியம் பழனியிலிருந்து ஷர்மிளா வந்தாள். மனோஜ்குமாரின் அக்காள். அடிவாரத்தில் புருஷனோடு தேங்காய் பழக்கடை வைத்திருப்பவள். மறுநாள் குழந்தைக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுவதற்காக, புதுத் துணி, வசம்பு வளையல், பஞ்சாமிர்த டப்பா என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். பெயரைக் குழந்தையின் காதில் சொல்ல வேண்டியது அத்தைதான்.

"பேரு முடிவாயிருச்சா இல்லையா?" என்றாள், பையைக் கீழே வைக்கும் முன்பே. "அப்பா போன்ல பிடிவாதமா நிக்காரு. நீ என்னடான்னா பேச மாட்டேங்குற."

"நான் என்ன மதினி பேச?"

பொன்னுவேல் அதைச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "புள்ளைக்கு மனோஜ்குமாருன்னே வெச்சுருவோம்" என்றார். தாரணி குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் காணாமல் போன நாளிலிருந்து வீட்டில் யாரும் உச்சரிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'செத்து' என்பதுதான். இவர் அதை உச்சரிக்காமலே சொல்லிவிட்டார். நாளைக்கு அந்தப் பெயரைத் தொட்டிலில் போட்டால், தெருவே கேட்டுக்கொள்ளும். பிறகு நெற்றிப் பொட்டை என்ன செய்வது, தாலியை என்ன செய்வது?

ஷர்மிளா வளையலைக் குழந்தையின் கையில் போட்டுப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கிட்ட சொல்லல. தைப்பூசத்தப்ப கடையில நிக்கேன். மொட்டை போட்டு சந்தனம் பூசி ஒருத்தன் போறான். பின்னந்தலை அப்பிடியே நம்மவன். மனோஜ்குமாருன்னு கத்திட்டேன். ரெண்டு பேரு திரும்புனாங்க பாத்துக்க. ரெண்டும் நம்மவன் இல்ல. நான் பாத்தவன் திரும்பவே இல்ல. மொட்டை போட்டா அத்தன பேரும் ஒண்ணுபோலத்தான இருக்கான்."

"திரும்பாதவன் அவரா இருந்தா?"

"அதத்தான் நானும் இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு கெடக்கேன்."

குழந்தை கையை ஆட்டி வளையலைக் கழற்றப் பார்த்தது.

பொன்னுவேல் ஏரிச்சாலையில் சோளம் அவித்து விற்கிறார். சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாம் விற்று, இருட்டுவதற்கு முன்பே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வெளிக்குழாயடியில் குந்தி அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தாரணி போய் நின்றாள். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மனதில் கிடந்ததையே எடுத்தாள்.

"மாமா, இங்கிலாந்துல ஒருத்தன். நானூறு வருசத்துக்கு முந்தி. அவன் புள்ளைக்கு அவன் பேரையே வெச்சிருக்காங்க. அதப் பாத்துட்டு அவன் செத்துட்டான்னு எழுதிட்டேன்."

"செத்தவந்தானத்தா? நானூறு வருசமாச்சே."

"இல்ல மாமா. புள்ள பொறந்தப்ப உசுரோடதான் இருந்திருக்கான்."

பொன்னுவேல் தேய்ப்பதை நிறுத்தினார். தேங்காய் நாரிலிருந்து கரித்தண்ணீர் வழிந்தது. "எப்பத் திரும்பி வந்தானாம்?"

"அவன் போகவே இல்ல மாமா. நாந்தான் அனுப்பிட்டேன்."

அவர் அதை யோசித்தார். வெள்ளைக்காரன் கதையில் தனக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கினார். "நான் அவனச் செத்தவனாக்கப் பாக்கேன்னு நீ நெனைக்க. ஷர்மிளாவும் அப்பிடித்தான் நெனைக்கா."

தாரணி குழாயைத் திறந்து அண்டாவில் தண்ணீர் விட்டாள்.

"வீட்டுல அந்தப் பேரு சத்தமில்லாமப் போச்சுத்தா. நீ மொதல்லருந்தே சொல்ல மாட்ட, அது வேற. ஷர்மிளா 'தம்பி'ம்பா. நாந்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஏலே மனோஜு, வெரசா வாலே, வண்டிய எடுலேன்னு. வெள்ளனே எந்திரிச்சா மொதச் சத்தமே அதுதான். இப்ப ஆளில்லாமக் கூப்புட்டா கெழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாப்பான். தொட்டில்ல ஒண்ணு கெடந்துச்சுன்னா கூப்புடலாம்ல."

"அவுக வந்துட்டா?"

"வரட்டும். கூப்புட்டா ரெண்டு பேரும் திரும்பட்டும்."

அதைச் சொன்னபோது அவர் சிரித்தாரா என்று மங்கலில் தெரியவில்லை. அது நம்பிக்கையா, நம்பிக்கை தீர்ந்துபோனபின் வருகிற வேறொன்றா என்றும் தெரியவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, "ஒன் இஷ்டம். பெத்தவ நீ. நீ வேணாம்னா வேற வைப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தாரணிக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் பிடிவாதமாகவே இருந்திருந்தால் இவளும் பிடிவாதமாக இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை விடிந்தும் விடியாத மாதிரி மூடுபனி இறங்கியிருந்தது. அக்கம்பக்கத்தில் நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். கேசரி கிண்டிய வாசமும் சாம்பிராணியும் கலந்து சின்ன வீடு புகைந்தது. கண் எரிகிறது என்று யாரோ வாசற்கதவைத் திறந்து வைத்தார்கள். உத்தரத்தில் புதுத் துணித் தொட்டில் தொங்கியது. பொன்னுவேல் வெள்ளை வேட்டி கட்டி, தொட்டில் முடிச்சைத் தேவைக்கு மேலேயே இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தாரணியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

காளியாயி என்கிற பக்கத்து வீட்டு அம்மாள், "என்னத்தா, பேரு இன்னும் ரகசியமாவே கெடக்கு? பத்திரிகை அடிச்சிருந்தா என்ன போட்டிருப்பீக?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஷர்மிளா சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்து, ஒரு வெற்றிலையைச் சுருட்டி அதன் காதருகில் பிடித்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்து தாரணியைப் பார்த்தாள்.

"சொல்லு தாரணி. என்ன பேரு சொல்லட்டும்?"

தாரணி இரவெல்லாம் இரண்டு பெயர்களை யோசித்து வைத்திருந்தாள். ஒன்று அவளுடைய அப்பாவின் பெயர், இராமலிங்கம். இன்னொன்று முருகனின் பெயர், எந்த வம்பும் இல்லாதது. இரண்டும் நாக்கு நுனியில் இருந்தன. ஆகஸ்ட் மாதத்தில் கல் சர்ச்சில் கையில் பிள்ளையோடு நின்ற அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் புருஷன் நின்றிருக்கிறான். அவள் வீட்டில் அந்த ஒரே பெயர் தினமும் எத்தனை தடவை கேட்டிருக்கும், ஒவ்வொரு தடவையும் யார் யார் திரும்பியிருப்பார்கள்? பிறகு வந்த வருடங்களில் அவளுக்குக் குழப்பமே வரவில்லையா?

இந்தப் பெயரை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னங்க, இந்தாங்க, இவுகதான். போலீஸ் ஸ்டேஷனில்கூட மாமனார்தான் சொன்னார்.

"மனோஜ்குமார்" என்றாள்.

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் அவள் பிடிக்குள் இல்லை. தெருக்கோடியில் போகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி வந்துவிட்டது. காளியாயி வாயில் கைவைத்தாள். ஷர்மிளாவின் விரல்களில் வெற்றிலை விரிந்துகொண்டது.

பொன்னுவேல் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினார். குழந்தையின் பக்கம் அல்ல, வாசல் பக்கம். ஷர்மிளாவும் திரும்பினாள். அவர்களைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். திறந்த கதவுக்கு வெளியே படிக்கட்டு தெரியவில்லை, சோள வண்டி தெரியவில்லை. மூடுபனி மட்டும் வாசற்படி ஏறி உள்ளே வந்துகொண்டிருந்தது. கீழே எங்கோ மேட்டில் ஒரு சரக்கு வண்டி, கியர் மாற்றி, முக்கி முக்கி ஏறி வரும் சத்தம் கேட்டது. ஷர்மிளாவின் மடியில் குழந்தை, வளையல் போட்ட கையைத் தூக்கி அப்படியே வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கிடந்தது.