நெடுமாறனின் டிரம்பெட்டில் வந்த தண்ணீர்

நெடுமாறன் டிரம்பெட் ஊதிய முதல் ஒன்பது ஆண்டுகளில் அதிலிருந்து சத்தம் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. முதல் நாள் ஒரு டம்ளர், பொங்கலுக்குள் ஒரு குடம், மூன்றாம் ஆண்டில் வாய்க்காலில் கணுக்கால் நனையும் அளவு. ஊதுகிறவரின் மூச்சு குழாய்க்குள் குளிர்ந்து சொட்டுவது எல்லா டிரம்பெட்டிலும் உண்டு. இதில் நிற்கவில்லை, அவ்வளவுதான். காவிரித் தண்ணீரின் அதே வண்டல் நிறம். சில நாள் கெண்டைக் குஞ்சும் இருந்தது.

சிங்கப்பூரில் எட்டு ஆண்டு கட்டட வேலை பார்த்துவிட்டு, தொண்ணூற்று மூன்றில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊருக்குத் திரும்பியபோது நெடுமாறனுக்கு வயது நாற்பத்து மூன்று. சிங்கப்பூர்ப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட ஒரே ஒரு நீண்ட டிரம்பெட் சுரம் அவர் காதை விட்டுப் போகவில்லை. "ஊரே டேப்ரெக்கார்டர் கொண்டாருது, நீங்க குழாயக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி அம்சம்.

அண்ணன் அரசப்பன் சிரிக்கவில்லை. இவர்கள் அப்பா ஊர் நடுவில் பறையை இறக்கி வைத்து, இனி இந்த வீட்டு ஆண்கள் எவன் வாசலிலும் எதையும் அடிக்கவும் மாட்டார்கள், ஊதவும் மாட்டார்கள் என்று சொன்னவர். அதற்காக ஒரு போகம் முழுக்க அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அந்த வாக்கின் மேல் நின்றுதான் அரசப்பன் தன் பெயரில் மூன்று மா நிலம் வாங்கினார், மகள் செம்மொழியைப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பினார்.

"கல்யாணத்துக்கு ஊதப் போறியா?"

"இல்லண்ணே."

"சாவுக்கா?"

"இல்லண்ணே."

"அப்புறம் யாருக்குடா?"

"யாருக்கும் இல்லண்ணே. சும்மாத்தான்."

சும்மா ஊதுகிற மனிதனை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. அரசப்பன் தம்பியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

நெடுமாறன் தினமும் விடிந்ததும் வரப்பில் நின்று உதடு வீங்க ஊதினார். அவருக்குத் தண்ணீர் என்பது பிழை. வெட்கத்தோடு துண்டால் துடைப்பார். மற்றவர்கள் மடையைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். "தம்பி, அடிவயித்துலேர்ந்து ஊதுங்க, நாத்து வாடுது" என்று பக்கத்து வயல் ராமாயி குரல் கொடுப்பாள்.

இரண்டாயிரத்து இரண்டில் மேட்டூர் அணை திறக்கவில்லை. ஏழு பேர் நெடுமாறனின் தண்ணீரை நம்பிக் குறுவை நெல் நட்டார்கள். அரசப்பனும் நட்டார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர் போல. ஆடியில் ஒரு காலை குழாயிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. அன்று தண்ணீர் பாதியாகக் குறைந்தது.

அன்று மாலையே களத்தில் கூட்டம் கூடியது. "நல்லா ஊதக் கத்துக்காதய்யா, நெடுமாறா. அறுப்பு வரைக்கும் தப்பாவே ஊது. வேணும்னா நாள் கூலி தர்றோம்" என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நெடுமாறன் தலையாட்டியிருப்பார்.

அரசப்பன் எழுந்தார். "எங்க வீட்டு ஆளு அடுத்தவன் சொல்லி ஊதவும் மாட்டான், அடுத்தவன் சொல்லி நிறுத்தவும் மாட்டான்."

"அண்ணே, மொதல்ல காயிறது உங்க மூணு மா நெலந்தான். கடைமடை" என்றாள் ராமாயி.

"தெரியும்." பிறகு ஒன்பது ஆண்டில் முதல்முறையாகத் தம்பி பக்கம் திரும்பினார். "போடா, சும்மா ஊது."

மறுநாள் விடிந்ததும் சத்தம் வந்தது. ஒரே சுரம், நடுங்கவில்லை, வளையவில்லை. வாய்க்கால் அந்த நிமிடமே வற்றியது. ஊதி முடித்த பிறகும் சுரம் கலையாமல், வயல்களுக்கு மேலே மார்பளவு உயரத்தில் உச்சிவெயில் வரை நின்றது. களையெடுக்கிறவர்கள் குனிந்து கடந்தார்கள். பதினைந்து நாளில் குறுவை கருகியது, ராமாயி சொன்ன வரிசையில். அரசப்பன் தன் வயல் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் முழுவதும் கேட்டார்.

தையில் அந்த வயல்களில் உளுந்து விதைத்தார்கள். சுரம் வழக்கம்போலப் பயிரின் மேல் வந்து நின்றது. தெளிப்பானை முதுகில் கட்டி மருந்தடிக்கப் போகிறவர்கள், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே குனிந்து, நிமிர்ந்து, போனார்கள்.