தம்பியைக் கேட்டுத்தான் சொல்லணும்

தூக்கம் வரவில்லை. வீட்டில் எல்லாரும் படுத்தாயிற்று. உன்னிடம் சொன்னாலாவது வருகிறதா பார்க்கிறேன். அம்மாவின் கம்பெனி இருக்குமா போகுமா என்று தெரியவில்லை.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்காதே. ரோட்டில் வெள்ளைக் கோடு போடும் தள்ளுவண்டி ஒன்று, பெயின்ட் காய்ச்சும் கொப்பரை ஒன்று, கொஞ்சம் ஆரஞ்சுக் கூம்புகள், ஐந்தாறு ஆட்கள். ஆபீஸ் எங்கள் சாப்பாட்டு மேசை. பெரிய கான்ட்ராக்டர் நெடுஞ்சாலை போட்டால், வேலையில் ஒரு பங்கை, வழக்கமாக யாரும் கூப்பிடாத சின்னக் கம்பெனிகளுக்கு, பெண்கள் நடத்துகிற கம்பெனிகளுக்கு, கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி. அப்படித்தான் அம்மாவுக்கு இந்த வேலை வந்தது. ஆனால் அதில் ஒரு கொக்கி. பெண் பெயரைப் போட்டுவிட்டுப் பின்னால் ஒரு ஆண் நடத்துவது தெரிந்தால், பதிவு ரத்து. அப்புறம் அரசாங்க வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அம்மாவுக்குப் பின்னால் எந்த ஆணும் இல்லை. மாமா ஒருவர் இருக்கிறார், அம்மாவின் தம்பி. அவர் அம்மாவுக்குக் கீழே இருக்கிறார். கோடு போடும் வண்டியைத் தள்ளுவது அவர்தான்.

கோளாறு அம்மாவின் ஒரு பழக்கத்தில் வந்தது. பெயின்ட் விற்கிறவர், லாரிக்காரர் என்று யார் போனில் பேரம் பேசினாலும் அம்மா குரலை இறக்கி, "என் தம்பியைக் கேட்டுத்தான் சொல்லணுங்க" என்பாள். உடனே அந்தப் பக்கம் அடங்கிவிடும். பெண்ணிடம் மல்லுக்கட்டுகிறவர்கள், கண்ணால் பார்த்தே இராத தம்பி என்றால் பயப்படுகிறார்கள். அந்தத் தம்பி அப்போது அடுத்த அறையில் சாக்ஸைத் தேடிக்கொண்டிருப்பார்.

போன வாரம் அம்மா அடுப்படியில் இருக்கும்போது ஒரு போன். ரோட்டு வேலை பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு பெண் குரல். பெயின்ட் கடையில் புதிதாக ஆள் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா நினைத்துவிட்டாள்.

"எதுவா இருந்தாலும் என் தம்பியைக் கேட்டுத்தான் சொல்லணும்மா."

"அப்படியா? கம்பெனியை அவர்தான் நடத்துறாரா?"

"எல்லாமே அவன்தான். நான் சும்மா பேருக்கு."

"நல்லதுங்க. நான் நெடுஞ்சாலைத் துறை ஆய்வுப் பிரிவுலேர்ந்து பேசுறேன். திங்கக்கிழமை சைட்டுக்கு வர்றேன். தம்பியையும் பாக்கணும்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்த சத்தத்தில் மாமா ஒரு சாக்ஸோடு ஓடி வந்தார்.

அப்புறம் ஒத்திகைதான். மாமாவுக்கு வாத்தியார் நான். "முதலாளி யாரு?" என்று கேட்டால், "அக்காதான் முதலாளி, நான் தொழிலாளி" என்று சொல்ல வேண்டும். மாமா பல் தேய்க்கும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று திங்கட்கிழமை, அந்த ஆய்வாளர் வந்தார். தலையில் ஹெல்மெட், முகத்தில் சிரிப்பே இல்லை. மாமா உளறாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னையும் அம்மா கூட்டிப்போயிருந்தாள். அவளோ ரோட்டின் அந்தக் கோடியில் பெரிய கான்ட்ராக்டரின் மேனேஜரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்களைப் பொழுது சாய்ந்தும் நிறுத்தி வைக்கச் சொன்னாராம் அவர்.

ஆய்வாளர் முதலில் நெட்டையைக் கூப்பிட்டார். கொப்பரை பார்க்கிற ஆள், நிஜமாகவே நெட்டை.

"கூலி ஒழுங்கா வருதா?"

"வருதுங்க."

"நேரம் தாண்டி வேலை பாத்தா டபுள் கூலி உண்டா?"

"உண்டு மேடம். அதனாலதான் அக்கா நேரமே தாண்ட விடமாட்டேங்கிறாங்க. எனக்கு அதுல வருத்தம்தான்."

அடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த மாமா.

"நீங்கதான் அந்தத் தம்பியா?"

"அக்காதான் முதலாளி, நான் தொழிலாளி."

"நான் இன்னும் அதைக் கேக்கவே இல்லையே."

ஆய்வாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தது?" மாமா பரிதாபமாக என் பக்கம் திரும்பினார்.

"சரி, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க. தனியா பேசணும்."

"நிறுத்தவா? அக்கா வரட்டும் மேடம்."

"இதுக்குமா?"

"டீ குடிக்கப் போறதுன்னாலும் கேட்டுட்டுத்தான் மேடம் போவேன். போன மாசம் கேக்காம போயி..."

இத்தனையும் வண்டியைத் தள்ளிக்கொண்டே, முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். கோடு சாக்பீஸ் அடையாளத்தை விட்டு இறங்கி, வளைந்து, மறுபடி ஏறி, பாம்பு போலப் போயிருந்தது. அம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். கூம்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடி வந்தாள். ஆய்வாளர் என்று ஒருவர் நிற்பதே அவள் கண்ணில் படவில்லை.

"டேய்! இது ரோடா, உன் கையெழுத்தா? வண்டியை நெட்டைகிட்ட குடு. வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு, வீட்டுக்குப் போ!"

"அக்கா, இவங்க..."

"எவங்களா இருந்தா எனக்கென்ன!"

ஆய்வாளர் நெட்டையிடம் மெதுவாகக் கேட்டார். "நெஜமாவே நிறுத்திடுவாங்களா?"

"மாசம் ஒரு தடவை மேடம். ரெண்டு நாள் கழிச்சு அவங்களே கூப்பிடுவாங்க. அந்த ரெண்டு நாள் சம்பளம் மட்டும் தரவே மாட்டாங்க."

அப்போதுதான் அம்மா ஹெல்மெட்டைப் பார்த்தாள். ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் எதுக்குங்க போன்ல தம்பி நடத்துறதா சொன்னீங்க?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? அம்மா சொல்லிவிட்டாள். "நான் முடியாதுன்னா அரை மணி நேரம் பேசுறாங்க மேடம். தம்பி முடியாதுன்னுட்டான்னா போனை வெச்சிடறாங்க. எனக்கும் வேலை இருக்குல்ல?"

ஆய்வாளர் வளைந்த கோட்டின் மேலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "அடுத்த வாரம் வருவேன். இது நேரா இருக்கணும்."

"பதிவு மேடம்? ரத்தாயிடுமா?"

"நான் என்னங்க முடிவு பண்றது? மேலிடத்தைக் கேட்டுத்தான் சொல்லணும்."

இப்போதும் சிரிக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா ஒரே குஷி. "அந்தம்மாவுக்கு மேலிடமே கிடையாதுடி! இதே மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மாமா தட்டைக் கழுவியபடி கேட்டார். "அப்ப நான் நாளைக்கு வேலைக்கு வரலாமாக்கா?"

"என் தம்பியைக் கேட்டுத்தான் சொல்லணும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்கு நிஜமாகவே மேலிடம் இருந்துவிட்டால்? அதுவும் எங்கள் மாமா மாதிரி இல்லாத மேலிடமாக இருந்தால்?

ஆனால் நீயே சொல். மூடப்போகிற கம்பெனியின் கோடு நேராக இருக்கிறதா என்று யாராவது மெனக்கெட்டு வந்து பார்ப்பார்களா?