கரைமேட்டில் இரண்டு உறுமல்

1971 டிசம்பர் பதினான்காம் தேதி காலை, ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பின் பேருந்து நிறுத்தத்தில் இருபது குடும்பங்கள் தகரப்பெட்டிகளோடு நின்றன. பாகிஸ்தானோடு போர் மூண்டு பதினோரு நாள் ஆகியிருந்தது; அதற்குத் துணையாக அமெரிக்கக் கப்பற்படை வங்காள விரிகுடாவை நோக்கி வருவதாகச் செய்தி. டாங்கி செய்கிற இடம் என்பதால் முதல் குண்டு தங்கள் தலையில்தான் விழும் என்று பலர் நம்பினார்கள்.

லோகநாயகியும் மகள் பத்மாவோடு ஆரணிக்குக் கிளம்பி நின்றாள். கணவன் கஜபதி, புது டாங்கிகளை ஓட்டிப் பார்த்துத் தேறியதா என்று சொல்லும் ஓட்டுநர். பஸ் ஏற்றிவிட வருவதாகச் சொன்னவன் வரவில்லை. அவனை விட்டுவிட்டுப் போவதா, இருப்பதா என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

பக்கத்து வீட்டு ஜேம்ஸ், கிடங்கு எழுத்தர், ஆங்கிலப் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் செருகினார்.

"பயப்படாதம்மா. பெரியவன் வர்றது நல்லதுக்குத்தான். தெருவுல ரெண்டு பேரு அடிச்சிக்கினா, போலீஸ்காரன் லத்தியோட வந்து நின்னாதானே அடங்குவானுங்க? உலகமும் அப்டித்தான் ஓடிக்கினு கீது."

"அப்போ நீ ஏன் அண்ணாத்தே பொட்டி கட்டிக்கினு நிக்கிற?" என்றாள் லோகநாயகி.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஜேம்ஸும் சிரித்தார்.

"லத்தி யார் மேல படும்னு தெரியாதில்ல? ஆனா யோசிச்சுப் பாரு. அவன் மிரட்டி நாளைக்கே சண்டை நின்னா, உன் தம்பி முழுசா ஊடு வந்து சேருவான்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பி குணசேகரன் கிழக்கு எல்லையில் சிப்பாய். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. ஒரு நிமிடம், அந்தக் கப்பல் வந்தால்தான் என்ன என்று அவளுக்கும் தோன்றியது.

"ஒம்போது மாசமா ஒரு கோடி வங்காள ஜனம் புள்ளகுட்டியோட எல்லை தாண்டி ஓடியாந்துச்சே, அப்போ இந்தப் போலீஸ்காரன் எங்க போயிருந்தான்? அடிச்சவன் கையில துப்பாக்கி குடுத்ததே அவன்தானே? இப்போ அடிச்சவன் உழற நேரமா பாத்து ஓடியாறான்," என்றாள்.

"நியாயம்தான்," என்றார் ஜேம்ஸ். "ஆனா பெரியவன்னு ஒருத்தனுமே இல்லாத உலகம் இதவிட மோசமா இருந்தா?"

அவள் பத்மாவை அருகே இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தரை அதிர்ந்தது. நிறுத்தத்தின் தகரக்கூரை நடுங்கியது. வடக்கே இடி போல ஏதோ உருண்டது.

"ஐயோ, கப்பல்காரன் சுட்டுட்டான்!" என்று அலறினாள் பஞ்சவர்ணம். குடியிருப்புக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது அவளுக்கு. அந்த ஓர் அலறலில், வருடக்கணக்காக அங்கே இருந்தவர்களும் பெட்டியைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். ஜேம்ஸின் பத்திரிகை மண்ணில் கிடந்தது.

லோகநாயகி மட்டும் நின்று காது கொடுத்தாள். சத்தம், டாங்கிகளை ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பாதையில் மேற்காக நகர்ந்தது. பாதையின் குறுக்கே இருந்த கரைமேட்டின் அடியில் கியர் மாறியது. ஏறும்போது கனத்து, உச்சியில் ஒரு கணம் அடங்கியது. வண்டி தேறிவிட்டால் அந்த உச்சியில் நின்று இரண்டு முறை உறுமவிடுவது கஜபதியின் வழக்கம்.

ஒன்று. இரண்டு.

"எழுந்து வாங்க எல்லாம்!" என்று குழிப்பக்கம் குரல் கொடுத்தாள். "கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நம்ம வண்டி. எங்கூட்டுக்காரரு ஓட்றாரு. தேறிடுச்சு!"

ஜேம்ஸ் முழங்கால் மண்ணோடு ஏறி வந்தார். லோகநாயகி தன் பெட்டியைத் தூக்கி, பத்மாவோடு வீட்டுப்பக்கம் திரும்பியிருந்தாள்.

"இன்னாம்மா, பஸ் வந்துடும். எங்க போற?"

"உலை வைக்கணும் அண்ணாத்தே. வண்டிய ரயில் ஏத்தி உட்டு, பசியோட வருவாரு."

ஜேம்ஸ் தெருமுனையைப் பார்த்தார். பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி, லோகநாயகியின் பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.