முன்னாள் யாரு?

"அத்தை, டேப்பை இழுக்காதீங்க. சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்."

"நான் எங்கடி இழுத்தேன்? அதுவா சுருட்டிக்கிட்டுப் போகுது."

இரண்டாவது மாடித் திருப்பத்தில், பல் டாக்டர் வீட்டு வாசலுக்கு எதிரே, அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவருக்குச் சுவர் அளந்துகொண்டிருந்தாள். அழுது சிவந்த கண்ணும் ஒரு கையில் டீ டம்ளருமாக நின்றிருந்த அத்தைக்கு, அண்ணன் செத்துப்போன அன்றைக்கு நாம் ஏன் மாடிப்படியை அளக்கிறோம் என்பது இன்னும் பிடிபடவில்லை. இருந்தாலும் கையில் ஒரு வேலை கிடைத்ததில் கொஞ்சம் தெம்பாக இருந்தாள்.

தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். ஸ்ட்ரெச்சரின் நீளம் நூற்றுத் தொண்ணூறு. அவள் காகிதத்தில் கட்டம் போட்டு, குறுக்கே கோடு இழுத்துப் பார்த்தாள். இருபது சென்டிமீட்டர் இடம் போதாமல் உதைத்தது. இன்னொரு தடவை போட்டாள். மறுபடியும் அதே இருபதுதான் உதைத்தது.

அப்பா மூன்றாவது மாடியில், ஹாலில் படுத்திருந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா டீயோடு போய்த் தோளைத் தொட்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஏழரைக்கு டாக்டர் வந்து உறுதி செய்தார். நாலரை மணிக்கு வண்டி வரும். மூன்று மணிக்கு அவளுக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ.

லிஃப்டில் இறக்கிவிடலாம் என்று கட்டட வாட்ச்மேன் காலையில் ஒரு யோசனை சொல்லியிருந்தார். நாலு பேர் நிற்கிற லிஃப்ட். ஆளை உட்கார வைத்தோ நிற்க வைத்தோதான் இறக்க முடியும். அதைக் கேட்டு, அப்பாவோடு கம்பெனியில் சேர்ந்து சாமான் தூக்கிய பின்னாள் மாமாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"நிக்க வச்சா? ஃப்ரிட்ஜைத்தான்யா நிக்க வச்சுக் கொண்டுபோகணும். மனுஷனைப் படுக்க வச்சுத்தான் கொண்டுபோகணும். முப்பத்தோரு வருஷம் இந்தத் தொழில் பண்ணவருய்யா அவரு!"

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற கம்பெனி அது. பெரிய சாமானைப் படியில் இறக்கும்போது கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கி நடந்தபடியே, எங்கே சாய்க்கணும், எங்கே நிறுத்தணும் என்று குரல் கொடுப்பவர் முன் ஆள். மேல்பக்கம் பிடிப்பவர் பின் ஆள். வேகமாகச் சொல்லிச் சொல்லி அது முன்னாள், பின்னாள் ஆகிவிட்டது. அப்பாவுக்குப் பெயரே முன்னாள்தான். விசிட்டிங் கார்டிலும் அதையே பெருமையாகப் போட்டுக்கொண்டார். வாங்கிப் பார்க்கிறவர்கள், "முன்னாள் என்ன சார்? மந்திரியா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, நான் இந்நாள் முன்னாள்," என்பார். இந்த ஒரு ஜோக்கை வைத்துக்கொண்டு மனிதர் முப்பது வருஷம் ஓட்டினார்.

முழங்கால் கெட்டுப்போன பிறகு, கடைசி ஆறு வருஷம் அவர் எடை தூக்கவில்லை. வாய் மட்டும்தான் வேலை பார்த்தது. அதற்கும் முழுச் சம்பளம் கொடுத்தார்கள். ஏனென்றால் அவர் குரல் இல்லாமல் இறக்கிய முதல் கண்ணாடி அலமாரி, இறங்கி முடிப்பதற்குள் ஆயிரம் அலமாரி ஆகிவிட்டது.

மகள் ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்துவிட்டு ஒரு ஆபீஸில் மூன்று வருஷம் வேலையும் பார்த்துவிட்டாள். இதற்கு மேல் இரண்டு வருஷ மேல்படிப்பு இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அப்பா நிஜமாகவே அதிர்ச்சியடைந்தார். "அப்ப இத்தனை நாளா நீ அரை ஆர்க்கிடெக்ட்டா? நான் முழுசுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!" அன்றிலிருந்து அவள் 'அரை'. "அரை, சாப்பிட வா." "அரை, குடை எடுத்துட்டுப் போ." போன வருஷம் எல்லா இடத்திலும் முதல் சுற்றிலேயே கழற்றிவிட்டார்கள். இந்த வருஷம் ஒரே ஒரு கல்லூரி, அவள் ரொம்ப ஆசைப்பட்ட கல்லூரி, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பா அதையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் அவர்தான் பேராசிரியர். பனியன் மேல் டை கட்டிக்கொண்டு, ஹாலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அவள் எழுதிக் கொடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். "தங்கள் வடிவமைப்பின் தத்துவம் என்ன?" என்று கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேள்விகள் முடிந்ததும் அவளுடைய வரைபடத்தைக் கையில் எடுத்தார். ஐந்து மாடிக் குடியிருப்பு. மாடிப்படியைச் சுருக்கி, மிச்சம் பிடித்த இடத்தில் மாடிக்கு மாடி படிப்பதற்கு ஒரு மூலை வைத்திருந்தாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அது.

"இப்ப சிலபஸுக்கு வெளியில ஒரு கேள்வி. இந்தப் படியில பீரோ எப்படி மேல போகும்?"

"அப்பா, இப்பல்லாம் பீரோ துண்டு துண்டாத்தான் வருது. உள்ள வச்சு மாட்டிக்குவாங்க."

"சரி, கழட்டியாச்சு. கட்டிலையும் கழட்டியாச்சு. கழட்ட முடியாத சாமான் ஒண்ணு எல்லா வீட்டுலயும் இருக்கே. அதை எப்படி இறக்குவ?"

"என்னது, வாஷிங் மெஷினா?"

"யோசிச்சு வை. நாளைக்குக் கேக்கறேன்," என்று டையைக் கழற்றி ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இன்று காலை, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு விடை புரிந்தது. நாற்காலியை அப்படியே கீழே வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கணக்கு வரலைன்னா விடுடி. நாலு பேரு தூக்குனா எப்படியும் போயிடும்," என்றாள் அத்தை.

"போகாது அத்தை. பீரோவே போகலையே."

சொன்ன பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில், பல் டாக்டர் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், எத்தனை வெள்ளையடித்தும் மறையாத அந்தக் கீறல்.

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது அவருடைய சொந்த பீரோ இந்தத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஊரார் சாமானையெல்லாம் அலுங்காமல் ஏற்றுகிற மனிதருக்கு வந்த சோதனை. இப்போது பல் டாக்டர் இருக்கிற வீட்டில் அப்போது அம்மா குடியிருந்தாள். வேலைக்குக் கிளம்பியவள் கதவைத் திறந்தால் எதிரே முழுக்க பீரோ. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று பீரோவுக்குப் பின்னாலிருந்து கேட்டாளாம். "மெதுவாப் போலாங்க, அவசரம் ஒண்ணுமில்ல," என்றாராம் இவர். "உங்களுக்கு இல்ல, எனக்கு இருக்கு!" என்று அவள் கத்த, பேச்சு வளர்ந்து, இரண்டு மணி நேரம் பீரோவை நடுவில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். கடைசியில், "கொஞ்சம் கதவை முழுசாத் திறந்து நகர்ந்துக்கறீங்களா?" என்று கேட்டு, பீரோவின் ஒரு மூலையை அவள் வீட்டுக்குள் ஓரடி நுழைத்து, அப்படியே திருப்பி மேலே கொண்டுபோய்விட்டார். கதவைத் திறக்கச் சொல்ல இரண்டு மணி நேரம் ஏன் ஆனது என்று அவர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.

அவள் காகிதத்தில் கதவை வரைந்தாள். ஓரடி, அதாவது முப்பது சென்டிமீட்டர். இருபதுதானே வேண்டும்.

"அத்தை, டாக்டர் வீட்டுக் காலிங் பெல்லை அடிங்க."

மேலே வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் தயங்கித் தயங்கி அடுத்ததையும் சொன்னாள்.

"அம்மா, இன்டர்வியூவை இன்னொரு நாளைக்கு மாத்திக் கேட்டு மெயில் போட்டுடறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியல. ஒத்துக்கலைன்னாலும் பரவாயில்ல."

"உனக்குப் பரவாயில்லடி. எனக்கு? கம்பெனியிலேருந்து பதினாலு பேரு வந்திருக்காங்க. வந்தவங்கள்ல பாதிப் பேரு அவரைப் பாத்துட்டு, அடுத்த வார்த்தை உன் இன்டர்வியூ எத்தனை மணிக்குன்னுதான் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது? போ. போய்த் தலையை வாரு."

கதவு போட்டுக்கொள்கிற மாதிரி காலியாக இருந்தது சமையலறை மட்டும்தான். மூன்று மணிக்கு அவள் மேடை ஓரத்தில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். வெளியே அத்தை காவல். "டீ வேணுமா? அரை மணி நேரம் பொறுங்க. உள்ள எங்க புள்ள முழுசாகிட்டிருக்கா," என்று அத்தை யாரிடமோ சொல்வது கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது.

திரையில் மூன்று பேராசிரியர்கள். முதல் இருபது நிமிஷம் நன்றாகவே போனது. பிறகு நடுவில் இருந்த நரைமுடிப் பேராசிரியை அவளுடைய நாலாவது பக்கத்தைத் திறந்தார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் இதுதான். படியை இவ்வளவு சிக்கனமா வச்சு, அந்த இடத்தை எல்லாருக்கும் பொதுவாக் குடுத்திருக்கீங்க. எப்படித் தோணுச்சு?"

இதற்குப் பதில் கையில் இருந்தது. டை கட்டிய பனியனுக்கு முன்னால் நாலு தடவை ஒப்பித்த பதில். நன்றி சொல்லி அதை எடுத்துவிட்டால் போதும், சீட்டு ஏறக்குறைய கைக்கு வந்த மாதிரிதான். ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் டை தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் படி தப்புங்க மேடம்," என்றாள் அவள்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"படுத்திருக்கற ஒருத்தரை அந்தப் படியில இறக்க முடியாது. பொது மூலையில பாதியை விட்டுக் குடுத்துப் படியை அகலமாக்கணும். அது மட்டும் போதாது. திருப்பத்துக்கு நேரா ஒரு வீட்டுக் கதவு வரணும். இடம் பத்தலைன்னா, அந்த வீட்டுக்காரங்க கதவைத் திறந்துவிட்டா, அவங்க வாசல்ல ஓரடி கடன் வாங்கித் திருப்பிக்கலாம்."

"அந்த ஓரடின்ற அளவு எங்க கிடைச்சுது?" என்று கேட்டார் ஓரத்தில் இருந்த கண்ணாடிக்காரர்.

"இன்னைக்குக் காலையில எங்க கட்டடத்துலயே அளந்தேன் சார். நாலரைக்கு எங்க அப்பாவை இறக்கணும்."

நரைமுடிப் பேராசிரியை கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"இல்ல மேடம். இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு," என்றாள் அவள். அது அப்படியே அப்பா சொல்கிற மாதிரி வந்துவிட்டது.

அந்த ஒன்பது நிமிஷத்தில் அவர்கள் பீரோ கதையைக் கேட்டார்கள். பீரோவுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் என்றதும் கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்து, பிறகு சங்கடப்பட்டு, மன்னிப்புக் கேட்டார். "சிரிக்கலாம் சார். அதுக்குத்தான் அவர் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு," என்றாள். முடிவை இன்று சொல்ல முடியாது என்றார் பேராசிரியை. ஆனால் லேப்டாப்பை மூடுவதற்கு முன் அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது: "அந்தப் படியைத் திருத்தி வரைஞ்சு எனக்கு அனுப்புங்க. அவசரமில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பினாப் போதும்."

வண்டி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. கம்பெனி ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தோளில் தூக்குப்பட்டையை மாட்டினார்கள். ஆளுக்கொரு மூலை. தலைப்பக்கம் பின்னாள் மாமா. அவர் வழக்கப்படி, தூக்குவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டார். முப்பது வருஷமாக ஒவ்வொரு சாமானுக்கும் கேட்ட கேள்வி.

"முன்னாள் யாரு?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவ்வளவு பெரிய ஆள், உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் தலை குனிந்துகொண்டார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தில், முதல் படியில், அப்பாவைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் மாமா."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாள் தூக்க வேணாம். ஆனா வாய் ஓயக்கூடாது. தெரியும்ல?"

"அவரோட பொண்ணுதானே நான்? தூக்குங்க."

தூக்கினார்கள். அவள் பின்னோக்கி நடந்தாள். "நேரா வாங்க. கொஞ்சம் உயர்த்துங்க. மாமா, உங்க இடது கைப்பக்கம் சுவர். நிறுத்துங்க. இப்ப வாங்க." முதல் நாலு படிக்குக் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் குரலுக்கு அழ நேரமில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பல் டாக்டர் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டுடன் சமையலறைப் பக்கம் ஒதுங்கி நின்றார். "கால்பக்கம் உள்ள வரட்டும். இன்னும். இன்னும் கொஞ்சம்." அவள் பின்னோக்கியே நடந்து வாசலைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். முதுகு எதன் மேலோ இடித்தது. திரும்பிப் பார்த்தாள். அம்மா.

எல்லோருக்கும் முன்னால் இறங்கி வந்து அங்கே நின்றிருந்தாள். கதவுக்குப் பின்னால், அந்தப் பழைய இடத்தில். அப்பாவின் பாதங்கள் ஓரடி உள்ளே வந்து அவள் எதிரே நின்றன. அம்மா குனிந்து, விலகியிருந்த போர்வை நுனியை இழுத்துக் காலை மூடினாள்.

தலைப்பக்கம் திருப்பத்தில் காத்திருந்தது. பட்டை தோளை அறுத்திருக்கும், ஆனாலும் தூக்கியவர்கள் அசையாமல் பிடித்துக்கொண்டார்கள்.

"மெதுவாப் போலாம்," என்றாள் அம்மா. "அவசரம் ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சுவரோரம் நகர்ந்து வழிவிட்டாள். மகள் வெளியே வந்தாள்.

"மாமா, தலைப்பக்கம் வலது பக்கமா விலகட்டும். அப்படியே திருப்புங்க. சுவரைப் பாத்து."

பழைய கீறலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, எதிலும் படாமல், அப்பா திரும்பினார். அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே, குதிகாலால் பின்னால் அடுத்த படியைத் தேடினாள். அது அங்கேதான் இருந்தது.