முள்ளில் மாட்டிய அர்த்தங்கள்

கமுதிக்குத் தெற்கே கொம்படியேந்தலில், பேசுகிற சொல்லும் அதன் அர்த்தமும் தனித்தனியாகப் பிரிந்துபோனது மிளகாய்ப் பழம் எடுக்கிற ஒரு மாசி மாதத்தில். சொல் வழக்கம்போல எதிரில் நிற்பவர் காதுக்குப் போனது. சொன்னவர் மனசில் நினைத்தது மட்டும் வாயை விட்டு வந்ததும் காற்றோடு போய், கண்மாய்க் கரையில் இருந்த சீமைக் கருவேலங்காட்டு முள்ளில் பாலித்தீன் பை மாதிரி மாட்டிக்கொண்டது. அந்த வருஷம் வத்தல் நல்ல விலைக்குப் போனதால் ஊர் இதை உடனே கவனிக்கவில்லை.

முதலில் அடிபட்டவர் வடக்குத் தெரு தங்கப்பாண்டி. தங்கச்சி வீரலட்சுமியைத் தெற்குத் தெரு மாரிச்செல்வத்துக்குக் கட்டிக்கொடுத்தவர். அவள் மகள் கவிப்ரியா தவழ்ந்துகொண்டிருந்த சமயம், மருமகளைப் பார்க்கப் போனார். இலை போட்டார்கள். வீரலட்சுமி கறிக்குழம்பு ஊற்றும்போது இலைக்கு மேலே கையை நீட்டி, "போதுந்தா" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் இன்னும் ரெண்டு கரண்டி ஊற்ற வேண்டும் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வீரலட்சுமியோ சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அண்ணன் போதும் என்றார், அவள் காதில் போதும் என்றுதான் விழுந்தது. கை கழுவிக்கொண்டு போன தங்கப்பாண்டி அதன்பிறகு தங்கச்சி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கொஞ்ச நாளில் தனக்கு ஏன் கோபம் வந்தது என்று அவருக்கே பிடிபடாமல் போனது. சொன்னவருக்கும் கடைசியில் சொல்தானே மிஞ்சியது. ஆனாலும் கோபத்தை விட்டுவிட மனசில்லை.

ஊர் குழம்பிப்போனது. பஸ்ஸுக்கு நிற்பவரை, "என்ன, பயணமா?" என்று மரியாதைக்குக் கேட்டால், அவர் பையைப் பிரித்து வைத்தியச் சீட்டு வரைக்கும் எடுத்துக் காட்டினார். தண்ணி இருக்குமா என்று வாசலில் நின்று கேட்டவர்களுக்கு, இருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், ஊருக்குப் போய்ப் போன் பண்ணுகிறோம் என்றால் பெண் பிடிக்கவில்லை என்று கணக்கு. இங்கே வந்துவிட்டுப் போனவர்கள் நிஜமாகவே போன் பண்ணினார்கள். எதற்குப் பண்ணினோம் என்று தெரியாமல் மழை தண்ணியைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்தார்கள். ஜெயித்தால் கண்மாயைத் தூர்வாரித் தருவோம் என்று ஒரு கட்சிக்காரர் மைக்கில் சொல்லிப் போக, மறுநாள் காலையில் பாதி ஊர் மண்வெட்டியோடு கரையில் போய் நின்றது. பாவம், வெயில் ஏறும்வரை நின்றார்கள்.

அர்த்தங்கள் எங்கே போகின்றன என்று கண்டுபிடித்தது ஆடு மேய்க்கிற உலகம்மாள். திருப்பூருக்குக் கிளம்பிய மகனிடம் முந்தின நாள் கோபமாக, போனால் போ என்று சொல்லியிருந்தாள். கருவேலங்காட்டுக்குள் ஆட்டைத் தேடிப் போனவளுக்கு ஒரு முள் கொப்பில் அவளுடைய குரலே கேட்டது. "நாலு நாளு இருந்துட்டுப் போயேன்டா." மகன் அதற்குள் திருப்பூர் போய்ச் சேர்ந்திருந்தான். உலகம்மாள் அங்கனயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் இது பழகிவிட்டது. வீட்டுக்காரர் காலையில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரி சாயங்காலம் காட்டுக்குள் போய்க் கேட்டுவருவாள். சில வீட்டில் சண்டை தீர்ந்தது, சில வீட்டில் புதிதாக ஆரம்பித்தது, காலில் முள் ஏறியதுதான் மிச்சம் என்று வந்தவர்களும் உண்டு. ஆனால் அர்த்தம் வெயில் தாங்காது. ஒரு வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். தங்கப்பாண்டி அன்றைக்குச் சொன்ன 'போதும்' என்பதன் அர்த்தம், ஊருக்கு விஷயம் தெரிவதற்குள்ளேயே உதிர்ந்து மண்ணாகியிருந்தது.

கவிப்ரியாவுக்கு மூன்று வயதாகி, பங்குனியில் அய்யனார் கோயிலில் காது குத்த நாள் குறித்தார்கள். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் இருக்கும்போது வேறு மடியில் வைத்துக் குத்தினால் பிறந்த வீட்டு உறவு அதோடு அறுந்தது என்று அர்த்தம். அய்யாவும் ஆத்தாவும் போய்ச் சேர்ந்த வீரலட்சுமிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன்தான். அவரும் இல்லாமல் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு வடக்குத் தெருவுக்குப் போனாள். தங்கப்பாண்டி தட்டைத் தொடவில்லை.

"நான் எதுக்கு? ஒனக்குத்தான் நாலு பேரு இருக்காகளே. அவுகள வச்சுச் செஞ்சுக்க."

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவர அவள் விடிந்ததும் காட்டுக்குப் போனாள். காட்டைக் காணோம். பஞ்சாயத்தில் ஏலம் விட்டு, ஜேசிபி வைத்து ஒரே ராத்திரியில் தூரோடு பிடுங்கியிருந்தார்கள். மரத்தையெல்லாம் கரி வியாபாரி சலாஹுதீன் எடுத்துப்போய், கடலாடி ரோட்டோரம் கரிக்காக மூட்டம் போட்டு மண்ணை அப்பித் தீயும் வைத்துவிட்டார். ஏலம் எடுத்தவர் வேறென்ன செய்வார்? வீரலட்சுமி மூட்டத்துக்கு ஓடினாள்.

"பாய், எங்கண்ணன் நெனச்சது இதுக்குள்ள கெடக்கு. செத்தப் பிரிச்சு விடுங்க."

"பாதியில பிரிச்சா பூராவும் சாம்பலாப் போகும் தாயி," என்றார் சலாஹுதீன். "பொகையில வருதான்னு வேணாப் பாரு. தீ வச்சதுல இருந்து என்னமோ பேசிக்கிட்டுத்தான் இருக்கு."

புகைக்குள் போய் உட்கார்ந்தாள். மொத்த ஊரும் அதில் பேசியது. எது யார் குரல் என்று பிரிக்க முடியவில்லை. கண் எரிய எரியக் காது கொடுத்துக் கேட்டதில், இன்னொரு தரம் கூப்பிடு, போகாதே, பசிக்கிறது, என்னைப் பார் என்று ஆண் குரலும் பெண் குரலுமாக நாலைந்து சங்கதிதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஊர் பூராவும் இவ்வளவைத்தான் நினைத்திருக்கிறது என்றால், அண்ணன் மட்டும் புதிதாக என்னத்தை நினைத்திருக்கப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தப்பாகவும் இருக்கலாம். முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்தக் கரி மதுரைக்கு லோடு போனது. அந்த வாரம் அங்கே அந்தக் கரியில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டியவர்கள் பாதி வேலையில் காரணம் தெரியாமல் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள் என்று கேள்வி. கொம்படியேந்தலில் பேசப்படுகிறவற்றின் அர்த்தம் இப்போது மாட்டிக்கொள்ள முள் இல்லாமல் மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றோடு கடல் வரைக்கும் போய், புதுமடத்துக்காரர்கள் வலையில் ஏறுகிறது. அவர்கள் உதறி எறிந்துவிடுகிறார்கள். மீனுக்குத்தானே விலை.

குறித்த நாளில் அய்யனார் கோயிலுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்தது, தாய்மாமன் வரவில்லை. மாரிச்செல்வத்தின் சித்தப்பா, நேரம் போகிறது, பிள்ளையை என் மடியில் வை என்றார். வீரலட்சுமி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆசாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு, கூட்டம் பின்னால் வர, வத்தல் காயப்போட்டிருந்த களத்துக்கு நடந்தாள். தங்கப்பாண்டி அங்கே சாக்கில் உட்கார்ந்து வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளையை அவர் மடியில் உட்கார வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ," என்றார் தங்கப்பாண்டி. "சொல்றேன்ல, எடுத்துட்டுப் போ."

வத்தல் காரம் பிள்ளை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று கைகளை வேட்டியில் அழுந்தத் துடைத்துவிட்டு, அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி தோட்டைக் கேட்டார். வீரலட்சுமி தன் சுருக்குப் பையை அவிழ்ப்பதற்குள் தங்கப்பாண்டி சட்டைப் பையிலிருந்து நகைக்கடை ரோஸ் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. உள்ளே கடுகளவு சிவப்புக் கல் வைத்த ஒரு ஜோடித் தோடு.

"எனக்கென்ன வந்துச்சு," என்றார்.

எல்லார் காதிலும் அப்படித்தான் விழுந்தது. ஆசாரி குத்தினார், பிள்ளை வீறிட்டு அழுதது, வீரலட்சுமி அண்ணன் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துகொண்டாள்.