மாமா என்றால் போதும்

மழலையர் பள்ளி வாசலில் காவலாளிக்கு ஒரே வேலைதான். அழைக்க வருகிறவரின் அட்டையிலுள்ள படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குழந்தையை அனுப்ப வேண்டும். அதற்குள் வரிசை தெருமுனை வரை நீண்டுவிடும்.

“என்னண்ணே, பாஸ்போர்ட் ஆபீஸா இது? கால் கடுக்குது” என்று தினமும் யாராவது குத்திக்காட்டுவார்கள்.

அதனால் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார். அட்டையைக் கேட்பதில்லை. “யாரு வந்திருக்கா, கண்ணு?” என்று குழந்தையைக் கேட்பார். அப்பா, சித்தி, தாத்தா என்று ஏதாவது ஓர் உறவு வாயில் வந்தால் கதவு திறக்கும். பத்தே நிமிடத்தில் வரிசை கரைந்தது. தலைமையாசிரியைகூடப் பாராட்டினார்.

இன்று மழை. குடையோடு வந்த ஒருவரைப் பார்த்து, சிவப்புப் பை மாட்டிய சிறுமி “மாமா” என்றாள். அனுப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் அவளுடைய அம்மா மூச்சிரைக்க வந்தாள். “பாப்பா எங்கண்ணே?”

“இப்பத்தாம்மா, அவ மாமா கூட்டிட்டுப் போனாரு.”

“மாமாவா? எனக்குக் கூடப்பிறந்தவங்களே இல்லையே!”

அவள் தெருவில் இறங்கி ஓடினாள். போலீசுக்குப் போன் பண்ணச் சொல்லி உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, அவரும் ஓடக் கால் எடுத்தார். உள்ளே இன்னும் ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள். கதவை விட்டுப் போக முடியாது.

அப்போது ஒரு குழந்தை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது. “மாமா, எங்கம்மா வந்துட்டாங்க. கதவத் திறங்க.”

அந்த அம்மா அவர் தினமும் பார்க்கிறவர்தான். தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டு, “கார்டு... கார்டக் காட்டுங்கம்மா” என்றார்.

வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை.